"கொஞ்சம் பொறு" என்று சொல்லும் பெட்டி

(காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் இந்த இதழில் தருகிறோம்.)



செகரெட்டரி சார் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், மெயின்டனன்ஸ் நினைவூட்டல் மூன்றையும் ஆட்டோமேஷனுக்கு மாற்றலாமா என்பது இன்றைய அஜெண்டாவில் நான்காவது பொருள். கொட்டேஷன் எல்லோர் கையிலும் இருக்கிறது. ரிலே என்ன விலை, சென்சார் என்ன விலை என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம். நான் பேசப்போவது கொட்டேஷனில் ஒரு வரியாகக்கூட இல்லாத ஒன்றைப் பற்றி. அதற்குக் காசு கிடையாது. ஆனால் மோட்டார் எரிவதும், டேங்க் வழிவதும், ஒருவர் கை மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. டிலே. தமிழில் சொன்னால் காத்திருப்பு.

முதலில் ஒரு பாக்கிக் கேள்வி. போன மாதம் நம் குரூப்பில் ஒரு அம்மா கேட்டிருந்தார்: "கரண்ட் வந்து ரெண்டு நிமிஷம் ஆச்சு, இன்னும் ஜெனரேட்டர் ஓடுது. டீசல் யார் காசு?" நல்ல கேள்வி. பதினேழு பேர் லைக் போட்டார்கள், ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். கரண்ட் போனதும் ஜெனரேட்டர் பேனல் உடனே பாய்வதில்லை, சில விநாடி பொறுத்துப் பார்க்கிறது. நம் ஊரில் கண் சிமிட்டுவது போல் போய் வருகிற கரண்டுக்கெல்லாம் இன்ஜினைக் கிளப்பினால் பேட்டரியும் தாங்காது, நாமும் தாங்க மாட்டோம். கரண்ட் திரும்பி வந்ததும் மறுபடி பொறுக்கிறது. வந்தது நிற்குமா, அல்லது மறுபடி ஓடிவிடுமா என்று பார்க்கிறது. நின்றதென்று தெரிந்தபின் லோடை இ.பி. பக்கம் மாற்றுகிறது. அதற்கப்புறமும் இன்ஜின் சும்மா கொஞ்ச நேரம் ஓடும். சூடாக இருக்கிற இன்ஜினை அப்படியே நிறுத்தாமல் ஆறவிடுகிற நேரம் அது. ஆக நீங்கள் கேட்ட அந்த இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு விதமான காத்திருப்பு இருக்கிறது. ஒன்று சந்தேகத்தால் வருவது, இன்னொன்று உடம்பு ஆறுவதற்காக.

உங்கள் வீட்டு ஏ.சி. ஸ்டெபிலைசரும் இதையேதான் செய்கிறது. கரண்ட் வந்ததும் மூன்று நிமிடம் போல உட்கார்ந்திருக்கும். கம்ப்ரஸருக்குள் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகாமல் அதைக் கிளப்பினால் மோட்டார் திணறும். கோடையில் அந்த மூன்று நிமிடம் நமக்கு மூன்று மணி நேரமாகத் தெரிவது வேறு விஷயம்.

இதெல்லாம் பேனலுக்குள் யாரோ முன்பே செய்து வைத்தது. இப்போது நாம் வாங்கப்போகும் ஏற்பாட்டில் இந்தக் காத்திருப்பையெல்லாம் நாமே போட வேண்டும்.

கொட்டேஷனில் நோட்-ரெட் என்று ஒரு பெயர் இருக்கிறது. 2013-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் நிக் ஓ'லியரி, டேவ் கான்வே-ஜோன்ஸ் என்ற இருவர் உருவாக்கியது. அதே ஆண்டில் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்து விட்டார்கள். இதில் நிரல் எழுத வேண்டாம். திரையில் பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுக்க வேண்டும். "டேங்க் நிறைந்தது" என்று ஒரு பெட்டி, "மோட்டாரை நிறுத்து" என்று ஒரு பெட்டி, நடுவில் ஒரு கோடு. செய்தி இடமிருந்து வலமாக ஓடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்கிராட்சில் "ஒரு விநாடி காத்திரு" என்று ஒரு கட்டையைச் செருகுவார்கள் இல்லையா, அதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தாலே புரியும், அதுதான் இதன் அழகு. ஆனால் காத்திருப்புப் பெட்டியை மட்டும் பார்த்தால் புரியாது. எல்லாக் காத்திருப்பும் திரையில் ஒரே மாதிரி ஒரு சின்னப் பெட்டிதான். உள்ளே இருப்பது வெவ்வேறு.

நம் டேங்கையே எடுத்துக்கொள்வோம். மேலே ஒரே ஒரு ஃப்ளோட். தண்ணீர் நிறைந்தால் ஒரு செய்தி, குறைந்தால் ஒரு செய்தி. மோட்டார் ஓடும்போது குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற வேகத்தில் டேங்குக்குள் அலை அடிக்கும். நிறையப்போகும் நேரத்தில் ஃப்ளோட் அந்த அலையில் ஆடும். நிறைந்தது, குறைந்தது, நிறைந்தது, குறைந்தது என்று அரை நிமிடத்தில் பத்துச் செய்தி வந்துவிடும். நேரடியாகக் கோடு இழுத்திருந்தால் மோட்டார் பத்து முறை நின்று பத்து முறை கிளம்பும். காண்டாக்டர் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் அதன் முனைகள் கருகிவிடும்.

சரி, நடுவில் ஒரு டிலே பெட்டியைப் போட்டு "10 விநாடி" என்று கொடுத்தால்? எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம் இதுதான். செய்து பாருங்கள். முதல் செய்தி பத்து விநாடி கழித்து வெளியே வரும். இரண்டாவது செய்தியும் அதற்குரிய பத்து விநாடி கழித்து வரும். மூன்றாவதும் அப்படியே. ஆட்டம் அப்படியே இருக்கும், பத்து விநாடி தள்ளி நடக்கும், அவ்வளவுதான். அந்தப் பெட்டி ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகத் தாமதிக்கிறது. அதற்கு யோசிக்கத் தெரியாது.

நமக்கு வேண்டியது "அமைதி வரும்வரை பொறு" என்கிற காத்திருப்பு. நோட்-ரெட்டில் அதற்கு டிரிகர் என்று வேறொரு பெட்டி. அதில் "புதுச் செய்தி வந்தால் நேரத்தை நீட்டு" என்று ஒரு டிக் இருக்கும். "குறைந்தது" என்று செய்தி வந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும், பத்து நிமிடம் என்று வைப்போம். அதற்குள் இன்னொரு "குறைந்தது" வந்தால் கடிகாரம் முதலிலிருந்து எண்ணும். "நிறைந்தது" என்று வந்தால் அதை ரீசெட் என்று சொல்லிக் கடிகாரத்தையே கலைத்துவிடும்படி கோடு இழுக்க வேண்டும். பத்து நிமிடம் சலனமே இல்லாமல் போனால்தான் மோட்டார் கிளம்பும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "நிறைந்தது" என்ற செய்திக்கு நான் காத்திருப்பே வைக்கவில்லை. அது வந்த கணமே மோட்டார் நிற்க வேண்டும். அலையில் தவறாக வந்திருந்தால்தான் என்ன, டேங்க் இரண்டு அங்குலம் குறைவாக இருக்கும், யாரும் குளிக்காமல் போகப்போவதில்லை. கிளப்புவதற்குப் பொறுமை, நிறுத்துவதற்கு அவசரம். கொட்டேஷன் கொடுத்தவர் வரைந்து காட்டிய படத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு டிலே இருந்தது. பார்க்க அழகாக, இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது கரண்ட் திரும்பி வரும் நேரம். இதை நம் ஊர் விவசாயிகளிடம் கற்றுக்கொள்ளலாம். சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் கரும்பும் மரவள்ளியும் வைத்திருக்கிறவர்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் நமக்கெல்லாம் இருக்கிறார்கள். மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில், நடுராத்திரியில் எழுந்து போய் மோட்டார் போட முடியாமல்தான் ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினார்கள். கரண்ட் வந்ததும் தானே மோட்டாரைக் கிளப்பும். ஒரு மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற இருபது மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் என்ன ஆகும்? வோல்டேஜ் படுத்துவிடும். ஒன்றும் சரியாகக் கிளம்பாது, எல்லாம் முனகும், ஃபியூஸ் போகும். அதனால்தான் நல்ல ஆட்டோ ஸ்டார்ட்டரில் நேரம் வைக்க ஒரு திருகு இருக்கிறது. ஒருவர் இரண்டு நிமிடம், பக்கத்துக் காட்டுக்காரர் நான்கு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் தண்ணீர் பாயும். என் மோட்டார்தான் முதலில் ஓட வேண்டும் என்று எல்லோரும் பூஜ்யத்தில் வைத்தால் ஒருவருக்கும் பாயாது.

நம் வளாகத்திலும் ஏ பிளாக் மோட்டார், பி பிளாக் மோட்டார், போர் மோட்டார், அதற்கு மேல் இரண்டு லிஃப்ட், எழுபது வீட்டு ஃபிரிட்ஜ். கரண்ட் வந்தபின் ஏ பிளாக்குக்கு 3 நிமிடம், பி பிளாக்குக்கு 6, போருக்கு 9 என்று வைக்கலாம் என்பது என் யோசனை. பி பிளாக்காரர்கள் ஏன் ஆறு என்று கேட்பார்கள். மாதம் ஒருமுறை மாற்றி வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு உண்மையில் பயம் தரும் விஷயம்.

கரண்ட் வந்தது. 3 நிமிடக் காத்திருப்பு ஓடுகிறது. அதற்குள் பிளம்பர் வந்து, மோட்டாரில் ஏதோ சத்தம் என்று கப்ளிங் பக்கம் கை வைக்கிறார். காவலாளி அண்ணன் சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டதாகச் சொல்கிறார். அது உண்மைதான், செயலியில் ஆஃப் என்றுதான் காட்டும். ஆனால் பெட்டிக்குள் ஏற்கெனவே கிளம்பிவிட்ட "ஆன்" செய்தி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது நிமிடத்தில் அது வெளியே வரும். அதற்கு நடுவில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது.

அதனால் மூன்று காரியம் கட்டாயம். கையால் ஆஃப் செய்தால் காத்திருக்கிற எல்லாச் செய்தியும் ரீசெட் ஆக வேண்டும். காத்திருப்பு முடிந்து வெளியே வரும் செய்தி நேராக மோட்டாருக்குப் போகக்கூடாது. டேங்க் இன்னும் குறைவாகத்தான் இருக்கிறதா, சம்பில் தண்ணீர் இருக்கிறதா, யாராவது ஆஃப் செய்திருக்கிறார்களா என்று மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டுப் போக வேண்டும். மூன்றாவது, மோட்டாரில் கை வைப்பதற்கு முன் பேனலில் மெயின் ஐசொலேட்டரையே இறக்கிவிட வேண்டும். செல்போனில் ஆஃப் என்று தெரிவதை நம்பி யாரும் கை வைக்கக்கூடாது. இதை மோட்டார் ரூம் கதவில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கிறது: வர வேண்டிய செய்தி வராமலே போவது. ஃப்ளோட் சிக்கிக்கொண்டால் காப்பாற்ற, "மோட்டாரை ஆன் செய், 45 நிமிடம் கழித்து எப்படியும் ஆஃப் செய்" என்று ஒரு டிரிகர் பெட்டி வைப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த 45 நிமிடக் கணக்கு எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டரின் நினைவில். கரண்ட் போய் அந்தச் சின்ன கம்ப்யூட்டர் அணைந்தால் கணக்கும் போயிற்று. நோட்-ரெட்டில் காத்திருக்கும் செய்திகள் இப்படி நினைவில் மட்டும்தான் இருக்கும். யு.பி.எஸ். வைத்துவிட்டோமே என்பீர்கள். யாராவது படத்தில் ஒரு பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு முழு டிப்ளாய் கொடுத்தாலும் போய்விடும். ஹோம் அசிஸ்டென்ட் என்று இன்னொன்று சிலர் வீட்டில் வைத்திருக்கிறீர்கள். அதிலும் ஆட்டோமேஷனுக்குள் போட்ட டிலே ரீஸ்டார்ட்டில் மறந்துபோகும். டைமர் என்று தனியாக ஒன்றை வைத்து, மீட்டெடுக்கும்படி அமைத்தால் மட்டும் ஞாபகம் இருக்கும்.

கதை இத்தோடு முடியவில்லை. டாஸ்மோட்டா என்ற மென்பொருள் போட்ட ரிலேக்கள்தான் கொட்டேஷனில் இருக்கின்றன. கரண்ட் போய் வந்தால் அது கடைசியாக எப்படி இருந்ததோ அப்படியே திரும்பும், வாங்கும்போது அமைப்பு அப்படித்தான் இருக்கும். அதாவது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், வந்ததும் மோட்டார் தானே ஓடும். நிறுத்த வேண்டிய செய்தியோ நினைவிலிருந்து அழிந்திருக்கும். ஆன் பண்ணிய கை இருக்கிறது, ஆஃப் பண்ணும் கை இல்லை. விடியற்காலையில் மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும்போதுதான் நமக்குத் தெரியும். அல்லது சம்ப் காலியாகி மோட்டார் வறண்டு ஓடி, சீல் உருகியபின் தெரியும்.

இதற்கு மருந்து ரிலேக்குள்ளேயே இருக்கிறது. பவர்ஆன்ஸ்டேட் என்ற அமைப்பை 0 என்று வைத்தால் கரண்ட் வந்ததும் ரிலே ஆஃபிலேயே இருக்கும். பல்ஸ்டைம் என்ற அமைப்பில் நேரம் வைத்தால், ஆன் ஆன ரிலே யாரையும் கேட்காமல் தானே ஆஃப் ஆகும். அதில் ஒரு விசித்திரக் கணக்கு: விநாடியோடு நூறைக் கூட்டி எழுத வேண்டும். 45 நிமிடம் என்றால் 2700 விநாடி, எழுத வேண்டியது 2800. ஏன் நூறு என்றால், சின்ன எண்களை அது பத்தில் ஒரு விநாடியாக எடுத்துக்கொள்ளும். நோட்-ரெட், வைஃபை, ரௌட்டர் எல்லாம் செத்துக் கிடந்தாலும் இந்தக் கணக்கு ஓடும். ரிலே நேரடியாக மோட்டாரை ஓட்டக்கூடாது, காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்க வேண்டும் என்பது எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். உயிரும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட காத்திருப்பை மோட்டாருக்கு மிக அருகில் இருக்கிற பொருளிடம் கொடுங்கள். தூரத்தில் இருக்கிற கம்ப்யூட்டரிடம் வசதிக்கான காத்திருப்புகளை விட்டுவிடலாம்.

மெயின்டனன்ஸ் நினைவூட்டலுக்கு வருகிறேன். இதற்கு என்-எயிட்-என் என்ற வேறொரு கருவி, அதுவும் பெட்டியும் கோடும்தான். ஒன்றாம் தேதி பில் போகும், ஐந்து நாள் காத்திருக்கும், பிறகு நினைவூட்டல் போகும். இதன் காத்திருப்புப் பெட்டி கொஞ்சம் கெட்டிக்காரன். 65 விநாடிக்குக் குறைவான காத்திருப்பை நினைவில் வைத்துக்கொள்ளும், அதற்கு மேற்பட்டதை டேட்டாபேஸில் எழுதி வைத்துவிடும். கரண்ட் போனாலும் ஐந்தாம் நாள் ஞாபகமாக எழுந்திருக்கும்.

எழுந்ததும் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. எனக்குக் காட்டிய மாதிரியில், எழுந்த உடனே நினைவூட்டல் போய்விடுகிறது. இரண்டாம் தேதியே பணம் கட்டிய வீட்டுக்கும் போகும். ஓய்வூதியம் வந்த அன்றே முதல் வேலையாக மெயின்டனன்ஸ் கட்டுகிற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு "உங்கள் கட்டணம் நிலுவையில் உள்ளது" என்று இரவு பதினொரு மணிக்கு ஒரு மெசேஜ் போனால், அது மெஷின் அனுப்பியது என்று நாம் எவ்வளவு சொன்னாலும் மனசு ஆறாது. காத்திருந்து அனுப்பு என்பது போதாது. காத்திருந்து, கணக்கைத் திறந்து பார்த்து, பாக்கி இருந்தால் மட்டும், பகல் பத்து மணிக்கு மேல் அனுப்பு என்று இருக்க வேண்டும். ட்ரெஷரர் சார் தலையாட்டுகிறார், நன்றி.

மெசேஜ் வந்து குவிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்வராயன் மலையில் மழை கொட்டினால் தண்ணீர் ஒரேயடியாகத்தான் கோமுகி அணைக்கு வருகிறது. 46 அடி அணை அதைப் பிடித்து வைத்துக்கொண்டு அளந்து விடுகிறது, விடும் முன் கரையோர மக்களுக்கு எச்சரிக்கையும் கொடுக்கிறார்கள். டிலே பெட்டியிலேயே இப்படி அளந்து விடும் அமைப்பு உண்டு, ஒரு நிமிடத்துக்கு ஒரு செய்தி என்று. அதில் தேங்கியதை வரிசையில் நிறுத்தி வைக்கவா, கொட்டிவிடவா என்று கேட்கும். தண்ணீர் மட்டம் போன்ற அளவுகளுக்குக் கொட்டிவிடு என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முந்தைய டேங்க் மட்டம் வரிசையில் நின்று இப்போது வந்து யாருக்கு என்ன லாபம்? புகார்களுக்கு வரிசையில் நிறுத்து. ஒன்றும் தொலையக்கூடாது.

வெள்ளிமலைக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இன்னொன்று நன்றாகத் தெரியும். மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். பத்து நிமிடம் போன் எடுக்கவில்லை என்றால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. இரண்டு மணி நேரம் ஒரு தகவலும் இல்லை என்றால் கேட்கத் தொடங்குவார்கள். இந்த வழக்கத்தையும் டிரிகர் பெட்டியில் போடலாம். சம்ப் சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று சொல்லட்டும். சொல்லும்போதெல்லாம் கடிகாரம் முதலிலிருந்து எண்ணட்டும். இருபது நிமிடம் சத்தமே இல்லையென்றால் காவலாளி அண்ணனுக்கும் செகரெட்டரிக்கும் செய்தி போகட்டும். சென்சார் கெட்டுப்போனால் "நான் கெட்டுவிட்டேன்" என்று அதனால் சொல்ல முடியாதே, அதன் மௌனத்தைத்தான் நாம் கேட்க வேண்டும்.

காத்திருப்பே கூடாத இடங்களும் உண்டு. லிஃப்டின் அலாரம் பட்டன், கேஸ் கசிவு, தீ. இவற்றை இந்தப் பெட்டிகள் வழியாகவே கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. தனி ஒயர், தனி மணி, அவ்வளவுதான். கொட்டேஷனில் கேஸ் அலாரத்தையும் இதே நோட்-ரெட்டில் சேர்த்திருக்கிறார்கள். அந்த வரியை அடித்துவிட்டு வாக்கெடுப்புக்கு விடுங்கள்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. கையால் ஆஃப் செய்கிற சிவப்புப் பட்டன் மோட்டார் ரூமுக்கு உள்ளே இருக்க வேண்டுமா, கேட் பக்கம் காவலாளி அறையில் இருக்க வேண்டுமா? இரவில் அதை அழுத்தப்போகிறவர் அவர்தான். காலை ஆறு மணிக்கு அவர் ஷிப்ட் முடிகிறது. செகரெட்டரி சாரும் எலக்ட்ரீஷியனும் நாளை ஐந்தே முக்காலுக்குக் கீழே வந்தால், அவரையே கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டுவிடலாம். நானும் வருகிறேன்.